மாப்பிள்ளைப் படத்தில் நின்ற கல்வீடு

போன மாதம் மெல்பர்னின் மேற்கு ஓரத்து டார்னெய்ட்டில் ஒரு புதுவீட்டுக் குடிபூரலுக்குப் போயிருந்தேன். காரில் இருக்கும் அந்தப் பெண்குரல், "நீங்கள் சேரவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டீர்கள்" என்று மிகுந்த நம்பிக்கையோடு சொன்னது. நானும் அதை நம்பி, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பூச்செண்டோடு மணியை அடித்தேன். கதவைத் திறந்தது ஒரு சீக்கியப் பெரியவர். அவர் என்னையும் பூச்செண்டையும் என் காலுறையில் இருந்த ஓட்டையையும் பார்த்துவிட்டு, தெருவின் மறுபக்கத்தைக் கையால் காட்டினார். அன்றைக்கு வழி தவறிய முதல் தமிழன் நானாக இருந்திருக்க முடியாது.

அவரைக் குறை சொல்வதற்கில்லை, என்னை அழைத்த வீட்டுக்காரரையும் குறை சொல்வதற்கில்லை. எல்லா வீடுகளும் ஒரே அச்சில் வார்த்தது போலத்தான் இருந்தன. சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவைக் கடக்கும்போது, இன்னும் வீடு கட்டாத ஒரு மூலைக் காணியிலிருந்து ஒரு வாசம் வந்தது. பெருஞ்சீரகம். ஆள் உயரத்துக்குக் காடாக வளர்ந்து நின்றது. ஒரு கொத்தைக் கசக்கி மூக்கில் வைத்தேன். அவ்வளவுதான். எழுபதுகளுக்குப் போய்விட்டேன், குடிபூரல் வீட்டுக்குப் போகத்தான் இன்னும் நேரமெடுத்தது.

இன்றைக்கு இடியப்ப மாவுக்கு எந்தக் கடை நல்லது என்று சண்டை பிடிக்கிறவர்களுக்கு அந்தக் காலத்து மெல்பர்னைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். சனிக்கிழமை மத்தியானத்தோடு நகரம் கடையைப் பூட்டிவிட்டுப் படுத்துவிடும். திங்கள் காலையில்தான் எழும்பும். எனக்கும் என் அறைத் தோழன் குணத்துக்கும் நகரத்தின் கிழக்கே டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நான் வரைபடம் வரைகிறவன். அவன் களஞ்சியத்தில் கணக்கு வைக்கிறவன். தமிழ் பேச எனக்கு அவன், அவனுக்கு நான். இரண்டு பேருக்கும் மற்றவன் சொல்லப்போகிற பகிடி முன்கூட்டியே தெரியும். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் என் பழைய காரில் ஏறி, நகரத்தின் அடுத்த முனையையும் தாண்டி மேற்கே ஓடுவோம்.

மேற்கே என்ன இருந்தது? ஒன்றும் இல்லை. அதுதான் அதன் அழகு. எங்கள் பக்கத்தில் தரவை என்போமே, மரம் மட்டையில்லாமல் புல்லும் காற்றும் மட்டுமாக விரிந்து கிடக்கும் வெளி, அதுதான். எப்போதோ ஒரு எரிமலை கக்கிய கருங்கல் நிலமெல்லாம் இறைந்து கிடக்கும். அந்தக் கல்லைப் பொறுக்கி, சாந்து பூசாமல் சும்மா ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வேலிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை போகும். ஸ்கொத்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்தவர்கள் அடுக்கியதாம். இடையிடையே இடிந்த பண்ணைவீடுகள். நான் நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்து வாசித்துவிட்டு, பெரிய சரித்திர ஆசிரியனாக மாறியிருந்தேன். ஒரு கல்தொட்டியைக் காட்டி, "இது ஞானஸ்நானத் தொட்டி, மச்சான். பிரபுக்களின் பிள்ளைகளுக்கு மட்டும்" என்று விளக்கினேன். குணம் பயபக்தியோடு தொட்டுப் பார்த்தான். பின்னால் ஒரு செம்மறி வந்து எங்களை இடித்துத் தள்ளிவிட்டு அதில் தண்ணீர் குடித்தது.

திரும்பும்போது வழியோரப் பெருஞ்சீரகத்தை ஒடித்துக்கொண்டு வருவோம். ரின்னில் அடைத்த மீன் கறிக்கு அதைவிட்டால் வேறு வாசமில்லை. என் கார் ஒரு தமிழ்க் குசினிபோல மணக்கும். வேலையிடத்தில் யாரும் என்னோடு காரில் வரமாட்டார்கள்.

ஒருநாள் கூரையே இல்லாத ஒரு கருங்கல் வீட்டைக் கண்டோம். கதவு இருந்த இடத்தில் ஒரு அத்திமரம் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தது. என்னிடம் புதிதாக வாங்கிய பழைய கமரா ஒன்று இருந்தது. குணம் கற்களின்மேல் காலை வைத்து, இடுப்பில் கையை வைத்து, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தான். அந்தப் படம் நன்றாக வந்துவிட்டது. என் படங்களில் அது நடப்பதில்லை. அவன் தாய் கலியாணப் பேச்சுக்குப் படம் கேட்டபோது, அவனிடம் இருந்த ஒரே நல்ல படம் அதுதான். ஊருக்குப் போனது.

பதிலுக்கு ஒரு படம் வந்தது. பெயர் பரமேஸ்வரி. குணம் அதைச் சவரக் கண்ணாடியின் மூலையில் செருகிவைத்தான். அன்றிலிருந்து அவன் கன்னத்தில் வெட்டுக்காயம் இல்லாத நாளில்லை. கண்ணாடியில் தன் முகத்தை எங்கே பார்த்தான்!

அந்த வருடம் பெண்ணின் தகப்பனார் சிட்னியிலிருந்த மகனிடம் வந்தவர், மாப்பிள்ளையை நேரில் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ரயில் ஏறிவிட்டார். கனகசபை. யாழ்ப்பாணக் கடலில் உள்ள நெடுந்தீவுக்காரர், இளைப்பாறிய போஸ்ட்மாஸ்டர். கறுத்த குடையும் கையுமாக ரயிலை விட்டு இறங்கினார். சுகம் விசாரித்து முடியவில்லை, பேர்ஸைத் திறந்து அந்தப் படத்தை எடுத்தார்.

"தம்பி, முதலிலை உம்மடை வீட்டையும் காணியையும் காட்டும். தேத்தண்ணி பிறகு குடிக்கலாம்."

குணம் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். ரயில் நிலையத்துக்காவது ஒன்று இருந்தது.

"வீடோ ஐயா?"

"ஓம். அவுஸ்திரேலியாவிலை சொந்தக் கல்வீடும் காணியும் எண்டு தரகர் நாலு வீட்டுக்குக் கேக்கச் சொன்னவர்."

தரகர் தொழில் தெரிந்த மனுஷன். படத்தில் கண்டதைத்தான் சொல்லியிருக்கிறார். கல்லும் இருந்தது, காணியும் இருந்தது. கூரை படச் சட்டத்துக்கு மேலே இருக்கும் என்று நினைத்திருப்பார் போல.

குணம் என்னை ஓரமாக இழுத்தான். "மச்சான், இப்ப சொன்னால் இந்த ரயிலிலையே திரும்பிப் போயிடுவார். பரமேஸும் போயிடுவாள்."

"பிறகு சொன்னால்?"

"அடுத்த ரயிலிலை போவார். அதுக்கிடையிலை ஏதும் நடக்காதே?"

இதுதான் எங்கள் முழுத் திட்டமும். மழை வரலாம், கார் நிற்கலாம், பூமி பிளக்கலாம். மற்ற நாளெல்லாம் வழியில் நின்று இழவெடுக்கும் என் கார் அன்றைக்குப் பார்த்துக் குதிரை மாதிரி ஓடியது. மடியில் புட்டுப் பார்சல், உடம்பில் என் ஒரே கோட்டு, நெற்றியில் வியர்வை: இப்படியாக மாப்பிள்ளை முன்னால் இருந்தான். கோட்டு அவனுக்கு இறுக்கம். மூச்சு விடுவதைக்கூட யோசித்துத்தான் விட்டான். 'ஐயா' என்பதா 'மாமா' என்பதா என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் ஒரு முனகல் முனகிக்கொண்டு வந்தான்.

இடம் வந்தது. கனகசபையர் இறங்கி, குடையை விரித்தார். காற்று அதை உடனே மறுபக்கம் மடித்துவிட்டது. வீட்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கிணறு எங்கை?"

யாழ்ப்பாணத்து ஆள் நிலம் பார்க்க வந்தால் கேட்கிற முதல் கேள்வி. நாங்கள் எத்தனை ஞாயிறு அங்கே போயிருந்தும் கிணற்றைத் தேடியதில்லை. வீட்டுக்குப் பின்னால் அவரே கண்டுபிடித்தார். கல் கட்டிய கிணறு. உள்ளே எட்டிப் பார்த்து, ஒரு சிறு கல்லைப் போட்டு, சத்தத்தைக் கேட்டு, தலையாட்டினார். வெளிறிப்போயிருந்த குணத்தின் முகத்துக்குக் கொஞ்சம் இரத்தம் திரும்பியது.

பிறகு அந்த வேலியைக் கண்டார். முகம் மாறிவிட்டது.

"ஐயோ தம்பியவை, இது எங்கடை நெடுந்தீவு வேலியெல்லோ! அங்கை பவளக் கல்லு, இஞ்சை கருங்கல்லு. சாந்தில்லை, ஒண்டுமில்லை. காத்து உள்ளாலை போகும், அதாலை விழாது. சூட்சுமம் எங்கை தெரியுமோ? இந்தக் கல்லிலைதான்."

சொல்லிக்கொண்டே அந்தக் கல்லை உருவிக் காட்டினார்.

அவர் சொன்னது சரிதான். சூட்சுமம் அந்தக் கல்லில்தான் இருந்தது. வேலி ஒரு பெருமூச்சு விட்டு, ஒரு மாட்டுவண்டி போகுமளவுக்குச் சரிந்து விழுந்தது. அந்தப் பக்கத்தில் மேய்ந்த செம்மறிகள் இதற்காகவே பல தலைமுறையாகக் காத்திருந்தவை போல வரிசையாக வெளியே வரத் தொடங்கின.

"வழியை மறியும்! மறியும்!" என்று கத்தினார் போஸ்ட்மாஸ்டர்.

நாங்கள் ஓடினோம். குணம் இரண்டு கையையும் விரித்தபோது என் கோட்டு முதுகின் நடுவால் பர்ரென்று கிழிந்தது. நான் முள்ளுச்செடிக்குள் விழுந்தேன். ஒரு செம்மறி என்னைத் தாண்டிக் குதித்தது. மரியாதைக்காரச் செம்மறி, மிதிக்கவில்லை. கனகசபையர் மடிந்த குடையால் போக்குவரத்துப் பொலிஸ் வேலை பார்த்தார். செம்மறி நெடுந்தீவுத் தமிழுக்குப் பழகவில்லை.

அப்போது ஒரு டிரக் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு நாய் இறங்கியது. எங்களை ஒருமுறை பார்த்தது. அப்படி ஒரு இளக்காரத்தை அதற்குப் பிறகு நான் என் மேலதிகாரிகளிடம்கூடக் கண்டதில்லை. நாலு சுற்று ஓடி மந்தையை உள்ளே தள்ளிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. நாய்க்குப் பின்னால் தொப்பி போட்ட ஒரு நெடிய மனிதர் இறங்கினார். பெயர் ஜாக் என்று பிறகு தெரிந்தது.

"என் நிலத்தில் என்ன செய்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கோபமாகக்கூட இல்லை. உண்மையாகவே அறிய விரும்பினார்.

போஸ்ட்மாஸ்டருக்கு ஆங்கிலம் வடிவாகத் தெரியும். 'என் நிலத்தில்' என்ற சொல் காற்றில் நின்றது. கனகசபையர் குணத்தைப் பார்த்தார். சிரிக்க மட்டுமே தெரிந்த குணம் அழுகிறவன்போல நின்றான்.

"ஐயா, இது என்ரை காணி இல்லை. வீடும் என்ரை இல்லை." கொஞ்சம் நிறுத்தினான். "இந்தக் கோட்டும் இவன்ரை."

"என்ரையாத்தான் இருந்தது" என்றேன் நான், கிழிசலைப் பார்த்து.

கனகசபையர் குனிந்து ஒரு கல்லைத் தூக்கினார். "தெரியும்" என்றார்.

"தெரியுமோ?"

"தரகருக்குத்தான் கண் மங்கல். பரமேஸ் படத்தைக் கண்டவுடனை சொல்லிப்போட்டாள். 'அப்பா, ஏமாத்துறவன் கூரையுள்ள வீட்டுக்கு முன்னாலையெல்லோ நிப்பான். இது கூரையில்லாத வீட்டுக்கு முன்னாலை நிண்டு பல்லைக் காட்டுது. இதைத்தான் எனக்குச் செய்து வையுங்கோ' எண்டவள்."

"அப்ப ஏன் ஐயா வீட்டைக் காட்டு எண்டனீங்கள்?"

"எவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போறீர் எண்டு பாத்தனான். நல்ல தூரம்தான். சரி, என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர், மருமோன்? கல்லைத் தூக்கும்."

அன்று பின்னேரம் முழுக்க நாங்கள் நாலு பேரும் அந்த வேலியை அடுக்கினோம். ஜாக் எங்கள் புட்டைத் தின்றார். அதை ஏதோ கேக் என்று நினைத்து, சீனி இருக்கிறதா என்று கேட்டார். கல்லில் குந்தியிருந்து, இந்த நிலத்தைத் தன் பாட்டன் வாங்கியதாகப் பெருமையோடு சொன்னார்.

"ஆரிட்டை?" என்று கனகசபையர் ஆங்கிலத்தில் கேட்டார். அரசாங்கக் கச்சேரியில் காணி உறுதிப்பத்திரம் பார்க்கிற குரல்.

ஜாக் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். தரவையைப் பார்த்தார். பிறகு, "நல்ல கேள்வி" என்றார். ஆதிக்குடிகள் அதை யாருக்கும் விற்றதாக நான் வாசித்த புத்தகத்தில் இல்லை. அவருடைய பாட்டனுக்கும் நல்ல தரகர் வாய்த்திருக்க வேண்டும்.

நாங்கள் அடுக்கிய பகுதி தனியாகத் தெரிந்தது. எங்கே தொட்டாலும் ஆடியது. "காத்து வந்தால் தானாய்ச் சரிப்படும்" என்று போஸ்ட்மாஸ்டர் உத்தரவாதம் கொடுத்தார். நாய் மட்டும் நம்பவில்லை.

சரி, குடிபூரலுக்கு வருகிறேன். அது குணத்தின் மகள் வீடு. அந்த இடம் எதுவென்று நான் பொங்கற்சோற்றை வாயில் வைக்கும்போது பரமேஸ்தான் சொன்னாள். "அண்ணை, இது ஜாக்கின்ரை காணியெல்லோ. தரகர் சொன்ன வீடும் காணியும் இப்பத்தான் வந்து சேர்ந்திருக்கு." குணம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, அதே முப்பத்திரண்டையும் காட்டிச் சிரித்தான். இப்போது அவை கழற்றி வைக்கக்கூடியவை.

யன்னலால் பார்த்தேன். அன்றைக்குக் காணியிருந்தது, கூரையில்லை. இன்றைக்குக் கண்ணுக்கெட்டிய தூரம் கூரைதான், காணியில்லை. "கிணறு எங்கை?" என்று குணத்தின் பேரனிடம் கேட்டேன். "வாட் வெல், அங்கிள்?" என்றான் அவன். அவனுடைய காரைக் கழுவும் குழாய்க்கு அடியில் எங்கேயோ இருக்கலாம்.

வெளியே வரும்போது, குடியிருப்பின் வாசலில் ஒரு துண்டு வேலியை விட்டுவைத்திருப்பதைக் கண்டேன். பக்கத்தில் பழமைச் சின்னம் என்று பலகை. காரை நிறுத்தி இறங்கினேன். இந்தக் கல்லெல்லாம் எங்கள் கை பட்ட கல்லாக இருக்குமோ என்று ஒரு நப்பாசை. கன்னத்தை வைத்துப் பார்த்தேன். உள்ளால் காற்று வரவில்லை. இடுக்கெல்லாம் சாந்து பூசியிருந்தார்கள்.

ஒரு கல்லைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. இன்னொன்றை ஆட்டினேன். அதுவும் அசையவில்லை. சந்தேகமே இல்லை, இது நாங்கள் அடுக்கியது இல்லை.