சுகர்காரருக்குச் சர்க்கரை டீயா?

போன செவ்வாய்க்கிழமை காலை. ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு தொழிற்சாலை. வாரம் ஒருநாள் அங்கே போய், தொழிலாளர்களின் சாப்பாட்டைக் கவனிப்பது என் வேலை. கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதுமே வாட்ச்மேன் மறித்தார்.

“புது சமையலம்மாவா? பின்கேட்டாண்ட போங்க.”

வாட்ச்மேன்கள் மாறுகிறார்கள். கேள்வி மட்டும் மாறுவதில்லை!

நான் டயட்டீஷியன் ஐயா! பி.எஸ்ஸி. ஹோம் சயின்ஸ். அதற்கு மேல் நியூட்ரிஷனில் எம்.எஸ்ஸி. அதற்கும் மேல், பெரிய ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிகளின் தட்டுக்குப் பின்னாலேயே அலைந்த பயிற்சி. இத்தனையும் முடித்துவிட்டு வந்தால், கேன்டீன் கான்ட்ராக்டர் ஒரு கரண்டி சாம்பாரை நீட்டி, “உப்பு சரியா கீதான்னு பாருங்க மேடம்” என்கிறார். தொண்ணூற்றொன்றாம் வருஷத்திலுமா இப்படி?

கரண்டியை வாங்குவதற்குள் வாசலில் ஒரே சத்தம். பிரஸ் மெஷின் ஓட்டும் முனுசாமியை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது. பேச்சு குழறியது.

“காலங்காத்தாலயே ஏத்திக்கினு வந்துகீறான் மேடம்!” என்று கத்தினார் சூப்பர்வைசர். “மெஷின்ல கைய வுட்டிருப்பான். இன்னியோட இவன் சீட்டு கிழிஞ்சிது!” சொன்ன கையோடு, சஸ்பென்ஷன் ஆர்டர் டைப் அடிக்க ஆபீஸுக்குப் பறந்தார்.

எனக்கு எதுவோ உறுத்தியது. முனுசாமியிடம் சாராய வாடையே இல்லை.

“இவர் குடிப்பாரா?” என்று பக்கத்தில் நின்ற கண்ணனைக் கேட்டேன். அதே லைனில் வேலை செய்பவர்.

“தொட மாட்டாரு மேடம். போன மாசந்தான் சுகருன்னு மாத்திர குடுத்தாங்க.”

“காலையில் என்ன சாப்பிட்டார்?”

“மாத்திர போட்டுக்கினு பாவக்கா ஜூஸ் குடிச்சாரு. டிபன் துன்னல. அரிசிய கண்ணாலயே பாக்கக் கூடாதுன்னு நாங்கதான் பஸ்ல...”

எனக்கு வந்ததே கோபம்! கம்பெனி பஸ் என்ன மெடிக்கல் காலேஜா?

“சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டு ஒரு டீ! சீக்கிரம்!”

கான்ட்ராக்டர் டீ டம்ளரை மார்போடு அணைத்துக்கொண்டார். “சுகர்காரனுக்கு சக்கரையா? ஆள சாவடிச்சிட்டு எங்கள மாட்டி வுட்டுடாதீங்க மேடம்!”

“மாத்திரை சர்க்கரையை இறக்கிக்கிட்டே இருக்கு. சாப்பாடு உள்ளே போகலை. விட்டா உயிருக்கே ஆபத்து! டாக்டருக்குப் போன் போடுங்க. டம்ளரை இப்படிக் கொடுங்க!”

கிட்டத்தட்டப் பிடுங்கினேன் என்றே சொல்ல வேண்டும். சர்க்கரையை நானே அள்ளிப் போட்டு, முனுசாமியால் விழுங்க முடிகிறதா என்று பார்த்துப் பார்த்து, வாய் வாயாகக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் முனுசாமி நிமிர்ந்தார். “இன்னாத்துக்கு அல்லாரும் என்னியே பாக்கறீங்க?”

அப்பாடா! உடனே இட்லி வரவழைத்துச் சாப்பிட வைத்தேன். டாக்டர் வந்து சோதித்துவிட்டு, நான் சொன்னதையே சொன்னார். உடனே எல்லோரும் நம்பினார்கள்! டைப் அடித்த ஆர்டரோடு வந்த சூப்பர்வைசர், அதைச் சத்தமில்லாமல் நாலாக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

ஒரு சந்தேகம். ஊசி போட பக்கத்து சீட்காரரிடம் கையை நீட்டுவோமா? மாட்டோம். ஆனால் சாப்பாடு என்றால் மட்டும், நாக்கு இருக்கிற எல்லோரும் நிபுணர்! மருந்து கொடுப்பது டாக்டர். அந்த மருந்துக்கும், செய்கிற வேலைக்கும், ஷிஃப்டுக்கும் பொருந்துகிற மாதிரி எதை, எவ்வளவு, எப்போது சாப்பிடுவது என்று சொல்லத்தான் நாங்கள் படித்திருக்கிறோம். இது கரண்டி பிடிக்கிற படிப்பு இல்லை.

சரி, ஒரு ஆளாவது புரிந்துகொண்டாரே என்ற திருப்தியோடு இந்த வாரம் பஸ் ஏறினேன். முன்சீட்டில் முனுசாமி. பக்கத்தில், புதிதாகச் சுகர் வந்த ஒருவர்.

“மாத்திர இன்னாத்துக்குப்பா? டபுள் சக்கர போட்டு டீ அடி. எனக்கு அதான் குடுத்தாங்க. நான் எந்திரிச்சி வர்ல?”

“யாருண்ணே சொன்னது?”

“தோ குந்திகினு கீறாங்களே... நம்ம சமையலம்மா!”

ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். முதலில் முனுசாமிக்கு அர்ச்சனை. அப்புறம் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி வகுப்பு. இனி என் கிளினிக் இங்கேதான்.

சமையலம்மா என்றே கூப்பிடுங்கள் சாமிகளா, பரவாயில்லை — மாத்திரை போட்டால் டிபனையும் சாப்பிட்டுத் தொலையுங்கள்!