ஐந்து செங்கல் உயரத்தில் ஒரு ஜீப்

கடலூர் முதுநகரில் ஞானப்பிரகாசத்தின் பட்டறைக்கு ஜீப்பைக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. சாவியைக் கையில் வாங்கும் முன் அவர் கேள்வி கேட்பார். வண்டி எங்கே போகிறது? மணலா, சேறா, கல்லா? ஓட்டுவது யார்? ஏற்றுவது என்ன? பதில் பிடிக்கவில்லை என்றால் டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்.

ஒருமுறை புதுச்சேரியிலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். ஜீப்பை ஆறு அங்குலம் தூக்க வேண்டும், இருப்பதிலேயே பெரிய டயர் மாட்ட வேண்டும் என்றார்கள். எங்கே ஓட்டுவீர்கள் என்று கேட்டார். பீச் ரோட்டில் என்றார்கள்.

"பீச்சுலயா, ரோட்டுலயா?"

"ரோட்டுலதாண்ணே."

"தார் ரோட்டுல ஒசரமா போவணும்னா ஒட்டகம் வாங்குங்க தம்பி. டீசல் செலவும் மிச்சம்."

பதினாறு வயதில் துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின் பிரிக்கும் பட்டறையில் சேர்ந்தவர் அவர். தொண்ணூறுகளில் பரங்கிப்பேட்டை, சிதம்பரம் பக்கம் இறால் பண்ணைகள் வந்தன. பண்ணைக் கரைகளில் ஓட்டுவதற்குப் பழைய ஃபோர் வீல் ஜீப்புகள் வந்து இறங்கின. படகும் டீசல், இதுவும் டீசல்தானே என்று யாரோ ஒருவர் ஒரு ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தியதில் ஜீப் மெக்கானிக் ஆனார். பிறகு பல பண்ணைகள் மூடின. ஜீப்புகள் அவரிடம் வந்துகொண்டே இருந்தன.

சுனாமிக்கு மறுநாள் கடற்கரை மணலில் நிவாரண வண்டிகள் வரிசையாகப் புதைந்து நின்றன. டிரைவர்கள் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அவை இன்னும் ஆழம் போயின. ஞானப்பிரகாசம் ஒரு குச்சியோடு வந்து, ஒவ்வொரு டயரிலும் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட்டார். டயர் தட்டையாகி மணலில் அகலமாகப் படிந்தது. வண்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. டயர் என்றால் பாதம் என்பார். பாதம் மண்ணுக்குத் தக்கபடி இருக்க வேண்டும், காலின் உயரம் அப்புறம்.

இப்படிப்பட்டவர் ஒரு வண்டியில் தவறு செய்தார். அதை அவர் கையாண்ட விதத்தை வடக்குத்திட்டு ஊர்க்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

2010 மே மாதம் அவரிடம் ஒரு பழைய ஜீப் வந்தது. உடன் வந்தவர் சௌந்தரம், ஐம்பத்திரண்டு வயது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, கடலை ஒட்டிய வடக்குத்திட்டில் மகளிர் குழுத் தலைவி. வண்டியை ஓட்டி வந்தவர் அவருடைய மகன் ராஜவேல். அவர் வேலை பார்த்த இறால் பண்ணை மூடியபோது, அங்கே நின்ற ஜீப்பைக் குழுப் பெண்கள் சேர்ந்து வாங்கியிருந்தார்கள்.

"எங்க போற வண்டி அக்கா?" என்று ஆரம்பித்தார் ஞானப்பிரகாசம்.

"எங்க ஊர்லேர்ந்து தார் ரோடு வரைக்கும். மூணு கிலோமீட்டர்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் தம்பி. அந்த மூணு கிலோமீட்டர்லதான் எம் பேரப்புள்ள செத்துது."

முந்தைய ஆண்டு கார்த்திகையில் ராஜவேலின் மனைவி எழிலரசிக்கு வலி வந்தது. 108 ஆம்புலன்ஸ் தார் ரோடு முடியும் இடம் வரை வந்து நின்றது. அதற்கு மேல் அது வர முடியாது. டிராக்டர் டிரெய்லரில் வைக்கோல் போட்டு எழிலரசியைக் கொண்டு போனார்கள். வாய்க்கால் கரையில் டிராக்டர் சரிந்து சிக்கியது. மழையில், டிரெய்லரிலேயே குழந்தை பிறந்தது. ஆம்புலன்ஸ் வரை அது தாங்கவில்லை. இப்போது எழிலரசி மறுபடி மூன்று மாதம். கணக்குப் பார்த்தால் இந்த முறையும் மழை நடுவில்தான்.

ஞானப்பிரகாசம் சாவியை வாங்கிக்கொண்டார். வேறு கேள்வி கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு, மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்ததும் சிதம்பரத்துக்கு பஸ் ஏறி, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்துக் கடைசி நிறுத்தத்தில் இறங்கினார். கையில் அடிக்கு ஒரு கோடு போட்ட சவுக்குக் கழி. எந்த ஜீப்புக்கும் அது போகிற பாதையை நடந்து பார்க்காமல் அவர் டயர் வாங்கமாட்டார். முதல் கிலோமீட்டர் களிமண் வண்டிப்பாதை. அடுத்தது வாய்க்கால் கரை, ஒரு வண்டி அகலம், ஒரு பக்கம் சரிவு. அதன் முடிவில் தரைப்பாலம். மழைக்காலத்தில் அதன்மேல் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்று கேட்டதற்கு, கூட நடந்த ராஜவேல் தன் தொடையைத் தொட்டுக் காட்டினார். ஞானப்பிரகாசம் கழியை அந்தத் தொடையோடு வைத்துச் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டார். கடைசிக் கிலோமீட்டர் மணல்.

ஜீப்பில் இருந்தவை 6.00-16 டயர்கள். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மின் குறுக்களவு, இரண்டும் அங்குலத்தில். மணலுக்கு அகலமான டயர் வேண்டும். களிமண்ணுக்கு ஒல்லியானது வேண்டும், அதுதான் சேற்றைக் கத்தி போல வெட்டி அடியில் உள்ள கெட்டித் தரையைப் பிடிக்கும். மணலைக் காற்று இறக்கிச் சமாளித்துவிடலாம். தொடையளவு தண்ணீரை என்ன செய்வது? அந்தக் கோடுதான் அவர் கண்ணை விட்டுப் போகவில்லை. உயரம் வேண்டும் என்று முடிவு செய்தார்.

சிறிய லாரிகளுக்குப் போடும் 7.50-16 டயர்களை மாட்டினார். ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் இரண்டு ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டி, வண்டியை நான்கு அங்குலம் தூக்கினார். செப்டம்பர் தொடக்கத்தில் வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் ஜீப்பை வடக்குத்திட்டுக்குக் கொண்டுபோனார். சோதனை ஓட்டத்தில் ஆட்களை ஏற்றக் கூடாது என்பது அவர் விதி. ஆறு பேர் எடைக்கு ஆறு மணல் மூட்டைகளை ஏற்றினார். ராஜவேல் ஓட்டினார். ஜீப் சேற்றை வெட்டியது, தரைப்பாலத்தைத் தாண்டியது, மணலில் ஏறி நின்றது. ஊரே கை தட்டியது.

"யானை மாதிரி நிக்குது மாப்ள!" என்று ராஜவேலைப் பார்த்துக் கத்தினார் தங்கராசு. எழிலரசியின் அண்ணன் அவர், பரங்கிப்பேட்டையில் ஐஸ் வியாபாரம் செய்பவர்.

சௌந்தரம் கை தட்டவில்லை. "எழிலு, ஏறிப் பாரு" என்றார்.

எழிலரசிக்கு ஏழாவது மாதம். புடவையைக் கொசுவத்தோடு பிடித்துக்கொண்டு வண்டியின் பின்பக்கம் வந்தார். கம்பியைப் பிடித்தார். காலைத் தூக்கினார். கால் எட்டவில்லை. இன்னொரு முறை முயன்றார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"மூட்டையத் தூக்கிப் போட்டீங்களே அண்ணே, என்னையும் அப்பிடித்தான் தூக்கிப் போடணும்" என்றார் ஞானப்பிரகாசத்தைப் பார்த்து.

சிலர் சிரித்தார்கள். எழிலரசி சிரிக்கவில்லை.

"ஒரு ஸ்டூலு வச்சா போச்சு. இதுக்குப் போய்…" என்றார் தங்கராசு.

"சேத்துல ஸ்டூலு வச்சா நாலு காலும் நாலு பக்கம் போவும் தம்பி. வழியில எறங்கி ஏற வேண்டி வந்தா?" என்றார் ஞானப்பிரகாசம். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "தப்பு எம்மேலதான். தண்ணிய அளந்தேன், சேத்த அளந்தேன். ஏறப்போறவங்கள அளக்கல. மூட்டைக்குக் காலு இல்லன்றது எனக்குத் தோணவே இல்ல."

இருபது வருடமாக ஜீப் வேலை செய்கிறவர், ஊர் நடுவில் நின்று இப்படிச் சொல்வார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கை தட்டியவர்கள் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்கள்.

உடனே அங்கேயே அளவு எடுத்தார். சௌந்தரம் வீட்டுச் சுவரோரம் செங்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொன்னார். ஒரு செங்கல் மூன்று அங்குலம். எழிலரசி ஒரு கையைச் சுவரில் ஊன்றி ஏற வேண்டும், ஞானப்பிரகாசம் திரும்பி நின்றுகொள்வார், சௌந்தரம் பார்த்துச் சொல்வார். நான்கு செங்கல் சுலபம். ஐந்தும் ஏறினார். ஆறில் மாமியாரின் தோளைப் பிடித்தார்.

"அஞ்சு" என்றார் சௌந்தரம்.

"ஒம்பதாவது மாசத்துக்கு ஒண்ணு கொறச்சிக்கலாமாக்கா?"

"வேணாம். வலி வந்தவ ஆறுகூட ஏறுவா. நாமதான் ஏற வைக்கக் கூடாது. அஞ்சு போதும்."

பதினைந்து அங்குலம். ஜீப்பின் பின்பக்க மிதிபலகை அப்போது இருபத்தைந்தில் இருந்தது. பத்து அங்குலம் இறங்க வேண்டும், ஆனால் சேற்றில் வயிறு தட்டக் கூடாது.

அன்று ஜீப்பைக் கடலூருக்குத் திருப்பி ஓட்டி வந்தவர் இரவு தூங்கவில்லை என்று மனைவி பாத்திமா மேரி சொல்கிறார். வீட்டுக்கு வந்ததும் கேட்டாராம்: "நீ சகாயத்த வயித்துல வச்சிருந்தப்போ என் ஜீப்புல ஏறுவியா?"

"ஏறுனா குலுக்கும்னு பயந்து பஸ்லதான் போனேன். அப்ப கேட்டிருக்கலாம்ல, இப்ப வந்து கேக்குறீங்க" என்று அவர் சொன்னாராம்.

அந்தப் பதிலில் இன்னொரு விஷயமும் இருந்தது. பட்டையைக் கூட்டினால் வண்டி உயரும், விறைப்பாகவும் ஆகும். விறைத்த வண்டி மூட்டைக்குப் பரவாயில்லை. நிறைமாதக்காரிக்கு ஒவ்வொரு பள்ளமும் இடுப்பில் இடிக்கும். வாய்க்கால் கரையின் சரிவில் உயர்ந்த வண்டி ஒரு பக்கம் சாய்ந்ததையும் சோதனையில் கவனித்திருந்தார். ராஜவேலின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து அதைச் சொல்லாமல் விட்டிருந்தார்.

மறுநாள் காலை எல்லாவற்றையும் கழற்றினார்.

அவர் யோசித்தது இதுதான். சேற்றில் தட்டுவது அச்சின் நடுவில் தொங்கும் பல்சக்கர உருண்டை. ஸ்பிரிங்கை எவ்வளவு தூக்கினாலும் அந்த உருண்டை ஒரு நூல்கூட உயராது. வண்டியின் உடம்பு மட்டும்தான் மேலே போகும். அச்சைத் தூக்குவது டயர் ஒன்றுதான். ஆகவே டயர் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், ஸ்பிரிங் உயர வேண்டாம். 7.50க்குப் பதில் 7.00-16 போட்டார். அரை அங்குலம் ஒல்லி, இன்ஜினுக்கும் இழுவை மிச்சம். கூட்டிய பட்டைகள் அத்தனையையும் எடுத்துவிட்டு, பின்பக்கம் பழைய விறைத்த பட்டைகளுக்குப் பதில் மெல்லிய பட்டைகளை வைத்தார்.

தண்ணீருக்கு உயரம் வேண்டாம், மூக்கு வேண்டும் என்று கண்டுகொண்டார். இன்ஜின் காற்றிழுக்கும் குழாயைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கூரை வரை நீட்டினார். கியர் பெட்டியும் அச்சும் மூச்சு விடும் துவாரங்களுக்குச் சிறு ரப்பர் குழாய் போட்டு மேலே கட்டினார்.

மிதிபலகைதான் கடைசிச் சிக்கல். இரும்புப் படியைக் கீழே இறக்கினால் மேட்டில் இடித்து வளையும். பழைய லாரி டயரை இரண்டு பட்டையாக அறுத்து, நடுவே ஒரு பலகை கோத்துத் தொங்கவிட்டார். மேட்டில் தட்டினால் பின்னால் மடங்கும், தாண்டியதும் தானாக இறங்கி நிற்கும். தரையிலிருந்து சரியாகப் பதினைந்து அங்குலம். ஒரு மாதம் கழித்து அதை வடக்குத்திட்டில் கொண்டுபோய் நிறுத்தியபோது மூட்டை ஏற்றவில்லை. எழிலரசி தானாக ஏறி உட்கார்ந்தார்.

"யானை கழுதையாயிட்டுதே!" என்றார் தங்கராசு.

"கழுத எந்தச் சேத்துலயும் போவும் மச்சான். நீ ஐஸ் பொட்டிய ஏத்தாம இருந்தா சரி" என்றார் ராஜவேல்.

நவம்பரில் மழை நான்கு நாட்கள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் பிற்பகல் எழிலரசிக்கு வலி எடுத்தது. ராஜவேல் 108ஐக் கூப்பிட்டுவிட்டு ஜீப்பை எடுத்தார். எழிலரசியும் சௌந்தரமும் பின்னால் ஏறினார்கள். மணலில் வண்டி மெதுவாக, புதையாமல் போயிற்று. தரைப்பாலத்தில்தான் ராஜவேல் பிரேக்கை மிதித்தார். தண்ணீர் தொடையைத் தாண்டிய மாதிரி தெரிந்தது. போன வருடம் டிராக்டர் நின்ற இடம் அங்கிருந்து கண்ணுக்கெட்டும் தூரம். ராஜவேலின் கை கியரில் இருந்தது, போடவில்லை.

சௌந்தரம் படியில் கால் வைத்து இறங்கினார். ஞானப்பிரகாசம் வண்டியில் விட்டுப்போன சவுக்குக் கழியை ஊன்றி, பாலத்தின் மேல் நடந்தார். நடுவில் நின்று திரும்பிப் பார்த்தார். தண்ணீர் சுண்ணாம்புக் கோட்டுக்கு இரண்டு விரல் மேலே.

"வாடா. என் பின்னாலயே வா. நிறுத்தாத!"

ராஜவேல் முதல் கியரைப் போட்டார். தண்ணீர் ரேடியேட்டரைத் தொட்டது, இன்ஜின் சத்தம் மாறவில்லை. முன்னால் கழியோடு சௌந்தரம், பின்னால் ஜீப், உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டு எழிலரசி. அக்கரை ஏறியதும் சௌந்தரம் அதே படியில் கால் வைத்து உள்ளே வந்து உட்கார்ந்தார். வாய்க்கால் கரையில் சாயாமல் போய், களிமண் பாதையைத் தாண்டித் தார் ரோட்டைத் தொட்டபோது 108 நின்றுகொண்டிருந்தது.

மாலை ஆறு மணிக்கு சிதம்பரம் அரசு மருத்துவமனையிலிருந்து சௌந்தரம் போன் செய்தார். பெண் குழந்தை, இருவரும் நலம் என்றார்.

"தானா ஏறுனாளாக்கா?" என்றுதான் ஞானப்பிரகாசம் முதலில் கேட்டார்.

"தானாத்தான் ஏறுனா. நானும் நடு வழியில எறங்கி ஏறுனேன். அம்பத்திரண்டு வயசு எனக்கு."

மறுநாள் காலை மழையோடு ஞானப்பிரகாசம் வடக்குத்திட்டுக்கு வந்துவிட்டார். நேராக ஜீப்பின் அடியில் போய்ப் படுத்து, அச்சின் ஆயில் திருகைக் கழற்றினார். தண்ணீர் புகுந்திருந்தால் ஆயில் பால் மாதிரி வெளுத்து வரும். விரலில் தொட்டுப் பார்த்தார். லேசாக வெளுத்திருந்தது.

"புள்ளயப் பாக்க ஆஸ்பத்திரிக்குப் போவாம இங்க வந்து படுத்திருக்கீங்களே அண்ணே" என்றார் ராஜவேல்.

"புள்ள நல்லாருக்குன்னு உங்கம்மா சொல்லிட்டாங்க. இது வாயத் தொறந்து சொல்லுமா? ஒரு சட்டி கொண்டா, ஆயில எறக்கிடுவோம். ஊர்ல அடுத்து யாரு மாசமா இருக்காங்க?"

"பட்டம்மா அக்கா மருமவ. தை மாசம்."

"அப்ப இன்னிக்கே மாத்தணும்" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினார், சட்டிக்காக.