நடுப்பாலத்தில் தும்பை

அண்ணி கணினி முன்னால் உட்காரும் முன் இரண்டு கைகளையும் புடவைத் தலைப்பில் அழுத்தித் துடைத்துக்கொள்வார். அடிபம்பில் தண்ணீர் அடித்த ஈரக்கையோடு தொட்டால் ஷாக் அடிக்கும் என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள். துடைத்த பிறகும் ஒருமுறை விரல்களை விரித்துப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியை இழுப்பார். மந்தைவெளியில் எங்கள் வீட்டுக் கூடத்தில், டி.வி.க்கும் தையல் மிஷினுக்கும் நடுவே இருந்தது அந்தக் கணினி. தொண்ணூறுகளின் கடைசி அது. தெருவில் வேறு யார் வீட்டிலும் கணினி கிடையாது. கல்யாணமான சில மாதங்களிலேயே வேலை கிடைத்து நியூ ஜெர்ஸிக்குப் போன என் அண்ணன், போனில் பேசினால் கட்டுப்படியாகாது என்று சொல்லி வாங்கி வைத்துவிட்டுப் போனது. விசா வேலை முடிந்ததும் அண்ணியும் போய்விடுவார், அதுவரைக்கும் மின்னஞ்சல் எழுதிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு.

மின்னஞ்சல் மட்டும் போதவில்லை. இன்றைக்கு எழுதினால் நாளைக்குப் பதில் வரும். அதில் கேள்வி இருந்தால் அதற்குப் பதில் இன்னொரு நாள். ஒரே நேரத்தில் இரண்டு பேரும் பேச ஒரு வழி இருக்கிறது என்று அண்ணன் கண்டுபிடித்துச் சொன்னான். ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழக மாணவர்கள் நடத்திவந்த இணைய விளையாட்டு அது. ‘மூன்று பாலங்கள்’ என்று அர்த்தம் வரும் ஆங்கிலப் பெயர். படமே கிடையாது, முழுக்க முழுக்க எழுத்து. ‘நீ நடுப்பாலத்தில் நிற்கிறாய். வடக்கே சந்தை, தெற்கே காடு, கீழே ஆறு ஓடுகிறது’ என்று திரையில் வரும். வடக்கு என்று தட்டினால் சந்தைக்குப் போய்விடலாம். அதே நேரத்தில் வேறு யாராவது பாலத்தில் நின்றால் அவர் பெயரும் தெரியும், அவரோடு பேசலாம். வாள் வாங்கலாம், காட்டில் அரக்கனை வெட்டலாம், புதையல் எடுக்கலாம். அண்ணனும் அண்ணியும் அதற்கெல்லாம் போகவில்லை. எங்கள் காலை எட்டு மணிக்கு, அவனுடைய முந்தின நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, நடுப்பாலத்தில் சந்தித்துக்கொண்டார்கள். அண்ணி தாவரவியல் படித்தவர். விளையாட்டில் தனக்குத் ‘தும்பை’ என்று பெயர் வைத்துக்கொண்டார். பள்ளிக்கூடம் முழுவதும் தமிழில் படித்தவர் என்பதால் சில ஆங்கிலச் சொற்களுக்கு என்னைக் கேட்பார். நான் அப்போது தி.நகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்தில், செருப்பை மாட்டியபடியே பதில் சொல்லிவிட்டு ஓடுவேன்.

ஆறு மாதம் போல அப்படி நடந்திருக்கும். பிறகு அண்ணன் வருவது குறைந்தது. ஒரு நாள் வந்து, வேலை நிறைய என்று தட்டிவிட்டுப் போனான். ஒரு நாள் வந்து பெயர் மட்டும் தெரிந்தது. அண்ணி கேட்டதற்கெல்லாம் பதில் இல்லை. பிறகு வரவே இல்லை. மின்னஞ்சலும் பண்டிகைக்குப் பண்டிகை என்று ஆனது. அண்ணி மட்டும் காலை எட்டு மணிக்கு வேலைகளை முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அந்த நேரத்தில் கூடத்தில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அப்பா பேப்பருக்குள் இருப்பார். அம்மா சமையலறையில் பாத்திரத்தை இரண்டாம் முறை கழுவுவாள். ஒருவர் காத்துக்கொண்டிருப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டு அதைப் பற்றி ஒன்றும் பேசாமல் இருக்க ஒரு குடும்பம் எவ்வளவு சீக்கிரம் பழகிவிடுகிறது.

இணைய இணைப்பின் காலம் முடிந்தபோது அப்பா அதைப் புதுப்பிக்கவில்லை. அவர் அதை அண்ணியின் நன்மைக்காகத்தான் செய்தார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். விட்டால் மறந்துவிடுவாள் என்று நினைத்தார். அண்ணி தெருப்பிள்ளைகள் இரண்டு பேருக்கு டியூஷன் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அந்தப் பணத்தில், லஸ்ஸில் மாடியில் புதிதாகத் திறந்திருந்த பிரௌசிங் சென்டருக்குப் போகத் தொடங்கினார். ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போனேன். ஒட்டுப்பலகைத் தடுப்புகள், இருட்டு, ஊதுவத்தி வாசனை. கல்லாவில் இருந்தவர் அண்ணியைப் பார்த்ததும், “இன்னா மேடம், அதே சீட்டு தானே? காலியாத்தான் கீது, போங்க” என்றார். அண்ணி அங்கே ஒரு வாடிக்கையாளர் ஆகிவிட்டது எனக்குச் சங்கடமாக இருந்தது. திரும்பி வரும்போது கபாலீஸ்வரர் கோயில் குளத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தோம். அவர் அன்று கொஞ்சம் மலர்ச்சியாக இருந்ததுபோல் பட்டது. பாவம், மனசு எப்படியெல்லாம் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த சென்டர் காலை பத்து மணிக்குத்தான் திறக்கும். அம்மாதான் அதைக் கவனித்தாள். கீரை ஆய்ந்துகொண்டே என்னிடம் தாழ்ந்த குரலில், “இந்நேரம் அங்க எல்லாரும் தூங்கற நேரம். அவன் வரமாட்டான்னு இவளுக்கே தெரியும். அப்புறம் யாரைப் பார்க்கப் போறா?” என்றாள். கேள்வி எனக்குப் புரியவே இல்லை. அம்மாவும் பதில் எதிர்பார்த்துக் கேட்கவில்லை. இரண்டு பேருமாக அண்ணிக்கு மனசு சரியில்லை என்று முடிவுகட்டிக்கொண்டோம்.

மறு வருடம் அண்ணன் அப்பாவுக்குப் போன் செய்தான். அங்கே வேறொரு வாழ்க்கை அமைந்துவிட்டது, பிரிந்துவிடுவதுதான் எல்லோருக்கும் நல்லது என்றான். அப்பா போனை வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு எங்கோ நடந்து போனார், மதியம்தான் வந்தார். அண்ணியின் அப்பாவும் தாய்மாமாவும் திருவான்மியூரிலிருந்து வந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. ஆட்டோவில் பெட்டியை ஏற்றியபோது நான் வாசலில் நின்றேன். அண்ணி ஏதோ சொல்ல வந்தவர்போல் என்னைப் பார்த்துவிட்டு, “வெயில்ல நிக்காத, உள்ள போ” என்றார். ஆட்டோ போன பிறகும் நான் உள்ளே போகவில்லை.

அதன் பிறகு வாழ்க்கை தன் பாட்டுக்குப் போயிற்று. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை; அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. அப்பா போனார், பிறகு அம்மா போனாள். அம்மாவின் காரியத்தன்று அண்ணி வந்திருந்தார். பள்ளி ஆசிரியை ஆகியிருந்தார், முன்தலை நரைத்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். போன் எண் கொடுத்துவிட்டுப் போனார். நான் அழைக்கவில்லை, என்ன பேசுவது என்று தெரியவில்லை. மந்தைவெளி வீடு கைமாறிப் போய், மேற்கு மாம்பலத்தில் இரண்டாம் மாடியில் ஒரு சின்ன வீட்டில் இப்போது இருக்கிறேன். மின்சார ரயில்கள் போகும் சத்தம் கேட்கும். வேலையை விட்ட பிறகு, மாலைகள் மிகவும் நீளமாகிவிட்டன. அப்படி ஒரு மாலையில்தான், காரணமே இல்லாமல், அந்த விளையாட்டின் பெயரைத் தேடிப் பார்த்தேன்.

அதே பெயரில் வேறு ஏதோ ஒரு கைபேசி விளையாட்டுதான் வந்தது. வண்ண வண்ண மிட்டாய்கள். நான் தேடியது எங்கேயும் இல்லை. பழைய வலைப்பக்கங்களை அவ்வப்போது நகலெடுத்துச் சேமித்து வைக்கும் காப்பகம் ஒன்று இருக்கிறது என்று முன்பு படித்திருந்தேன். அதில் தேடச் சரியான பழைய முகவரி வேண்டும். எனக்குப் பெயர்தான் தெரியும். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட எழுத்து விளையாட்டுகளின் ரசிகர் ஒருவர் வைத்திருந்த பக்கத்தைக் காப்பகத்திலேயே பிடித்து, அதில் இருந்த இணைப்பு வழியாக, பல்கலைக்கழகத்துக் கணினியில் ஒரு மூலையில் இருந்த முகவரியைக் கண்டெடுக்கச் சில வாரம் ஆயிற்று. முகவரியைக் கொடுத்ததும் ஒரு நாட்காட்டி வந்தது. நகலெடுத்த நாட்களில் மட்டும் சின்ன வட்டம். பெரும்பாலான மாதங்கள் வெறுமையாக இருந்தன.

பழையதிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். முதல் பதிப்பில் சாம்பல் நிறப் பின்னணி. அடுத்ததில் வரைபடம் சேர்த்திருந்தார்கள், ஆனால் படம் சேமிக்கப்படவில்லை. வெற்றுக் கட்டத்துக்குள் ‘மூன்று பாலங்களின் வரைபடம்’ என்ற வார்த்தைகள் மட்டும் நின்றன. இன்னொன்றில் தெற்குக் காட்டை எடுத்துவிட்டு ஒரு துறைமுகம் வைத்திருந்தார்கள். உள்ளே நடந்த பேச்சு எதுவும் இதில் இருக்காது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. வெளியே இருந்த அறிவிப்புப் பக்கங்களைத்தான் காப்பகம் எடுத்திருக்கிறது. அண்ணனும் அண்ணியும் பேசியது அன்றைக்கன்றைக்கே காற்றோடு போய்விட்டது. சரி, மூடிவிடலாம் என்று நினைத்தபோதுதான் ‘புதியவர்களுக்கு’ என்ற பக்கம் கண்ணில் பட்டது. முந்தின பதிப்புகளில் அது இல்லை. அதில் எழுதியிருந்தது: ‘வழி தெரியாவிட்டால் பயப்பட வேண்டாம். நடுப்பாலத்தில் தும்பையைக் கேளுங்கள்.’ கீழே அவர் இருக்கும் நேரத்தைக் கிரீன்விச் கணக்கில் கொடுத்திருந்தார்கள். நம் ஊருக்கு மாற்றிப் பார்த்தேன். காலை பத்து மணி.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டு கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. எழுந்து போய் பால்கனியில் நின்றேன். ரயிலில் இருந்து இறங்கியவர்கள் பைகளோடு தெருவில் போய்க்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து, அடுத்த பதிப்பைத் திறந்தேன். அண்ணி எங்கள் வீட்டைவிட்டுப் போன வருடத்தில் எடுத்த நகல் அது. அதே பக்கத்தில் அந்த வரிகள் மாறியிருந்தன. அதைப் படித்துவிட்டு அன்றே அண்ணிக்குப் போன் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை திருவான்மியூர் போனேன். மருந்தீஸ்வரர் கோயிலுக்குப் பின்னால் ஒரு தெருவில், கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிறார். ஜன்னலில் நிறையத் தொட்டிகள். காபி கொடுத்தார். நான் கைபேசியில் தும்பையைக் கேளுங்கள் என்றிருந்த பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். பிறகு சிரித்தார். எங்கள் வீட்டில் இருந்தபோது அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

“இதைப் போட்டிருக்காங்கன்னு எனக்கே தெரியாது” என்றார்.

அண்ணனுக்காகத்தான் போகிறீர்கள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம் என்று சொன்னேன். அவர் ஜன்னல் தொட்டி ஒன்றில் காய்ந்திருந்த இலையைக் கிள்ளி எடுத்தார்.

“முதல்ல அவருக்காகத்தான் நின்னேன். அவர் வரமாட்டார்னு சீக்கிரமே தெரிஞ்சுபோச்சு. ஆனா புதுசா வர்றவங்க எல்லாரும் அந்தப் பாலத்துலதான் வந்து நிப்பாங்க. எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம முழிப்பாங்க. உங்க வீட்டுக்கு வந்தப்ப நானும் அப்படித்தான் நின்னேன். எது எங்க இருக்குன்னு யாரும் சொல்லலை. அதனால வர்றவங்களுக்கு வழி சொல்ல ஆரம்பிச்சேன். என் இங்கிலீஷைப் பார்த்து அங்க யாரும் சிரிக்கலை. நாள் முழுக்க யாராவது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அந்த ஒரு மணி நேரந்தான்.”

திருவான்மியூர் வந்த பிறகு ஏன் போகவில்லை என்று கேட்டேன். பக்கத்தில் சென்டர் இல்லை, பி.எட். படிப்பு, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு, “போயிட்டு வரேன்னு யார்கிட்டயும் சொல்லலை. விளையாட்டுதானே, யார் தேடப்போறாங்கன்னு விட்டுட்டேன்” என்றார்.

நான் அந்தப் பக்கத்தின் அடுத்த பதிப்பை எடுத்துக் கொடுத்தேன். அதில் எழுதியிருந்தது: ‘தும்பை இப்போது வருவதில்லை. காரணம் எங்களுக்குத் தெரியாது. அவர் நிற்கும் நேரத்தில் எங்களில் ஒருவர் தினமும் பாலத்தில் இருக்கிறார். தும்பை, இதைப் படித்தால் நலமாக இருப்பதாக ஒரு வார்த்தை சொல்.’

அண்ணி அதைப் படித்து முடிக்க வெகு நேரமாயிற்று. வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றாமலே என்னிடம் கேட்டார்.

“இதுக்கு இப்ப பதில் போட முடியாதா?”

அது பழைய பக்கத்தின் நகல், படிக்க மட்டுந்தான் முடியும் என்று சொன்னேன். அந்த விளையாட்டு நின்று எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, நடத்தியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்களோ தெரியாது என்றும் சொன்னேன். அண்ணி தலையாட்டினார். கைபேசியைத் திருப்பித் தரவில்லை. திரை தானாக மங்கியது. அவர் விரலால் தொட்டு அதை மறுபடி வெளிச்சமாக்கி, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய், அந்த வீட்டுச் சமையலறையில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நின்றேன்.