பதினோரு படத்தில் ஒரு புங்க மரம்

எண்பதுகளின் தொடக்கம். மாசி முடிந்து பங்குனி பிறக்கிற சமயம். நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக் பஸ் ஸ்டாப்பில் ஒரு புங்க மரம் நின்றது. அந்த மரத்தால் என் வேலை போக இருந்தது. பிள்ளைகளே, அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அப்போது நான் மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. கன்வேயர் பெல்ட்டுக்குக் கீழே சிந்திக் கிடக்கும் பழுப்பு நிலக்கரியை வாரிப் போடுகிற வேலை. பெர்மனன்ட் ஆகப் போகிறவர்களின் லிஸ்ட்டில் என் பெயரும் இருந்தது. ஆர்டர் வர வேண்டியதுதான் பாக்கி. என் மனைவியின் தம்பி அதே கம்பெனியில் பெர்மனன்ட். அவனுக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸில்தான் நாங்களும் இருந்தோம்.

அந்த நேரம் பார்த்து, ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த என் மகளுக்கு அம்மை போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. அடுப்படியில் தாளிப்பு நின்றது. நானும் சவரத்தை நிறுத்தினேன், வீட்டில் அம்மை இருந்தால் செய்யக் கூடாது என்பது எங்கள் பழக்கம். பிள்ளை பாயை விட்டு எழுந்திருக்கக் கூடாது, வெளியே போகவே கூடாது.

அவளுக்கு உடம்பு வலியைவிட வேறொன்றுதான் பெரிய கவலையாக இருந்தது. ஸ்கூல் பஸ்ஸுக்காக அவள் நிற்கிற அந்தப் புங்க மரம் இலையெல்லாம் கொட்ட ஆரம்பித்திருந்தது. புது இலையை முதலில் யார் பார்க்கிறார்கள் என்று அவளுக்கும் கூட்டாளிகளுக்கும் பந்தயம்.

“அப்பா, இலை வந்துடுச்சா?” என்று கேட்டாள்.

“கவனிக்கலையேம்மா.”

“தினமும் அதுக்குக் கீழதானே நிக்கிறீங்க?”

எனக்குச் சுருக்கென்றது. வருஷக்கணக்காக அந்த மரத்து நிழலில் நிற்கிறேன், ஒருநாள்கூட அண்ணாந்து பார்த்ததில்லை.

என் மச்சினனிடம் ஒரு பெட்டிக் கேமரா இருந்தது. அதை வாங்கிக்கொண்டேன். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். இப்போது போல எடுத்ததும் பார்த்துவிட முடியாது. பன்னிரண்டையும் எடுத்து முடித்து, ஸ்டுடியோவில் கொடுத்துக் கழுவிய பிறகுதான் தெரியும். “தினம் ஒரு படம், மொத்தம் பன்னிரண்டு. நீ எழுந்து வரும்போது எல்லாத்தையும் வரிசையா பார்த்துக்கலாம்” என்று அவளிடம் சொன்னேன்.

முதல் வாரம் எனக்கு நைட் ஷிப்ட். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், ஸ்டாப்பில் இருந்த டீக்கடைக்கு எதிரே மைல் கல்லில் கால் வைத்து நின்று ஒரு படம். அடுத்த வாரம் செகண்ட் ஷிப்ட். மத்தியானம் பஸ் ஏறும் முன் அதே கல்லில் நின்று ஒரு படம். பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா?

“என்னய்யா, மரத்துக்கு மாப்பிள்ளை பார்க்குறியா?”

“ஆமாண்ணே, ஜாதகம் கூடக் கேட்டிருக்காங்க” என்று நானும் சொல்லி வைப்பேன்.

வீட்டுக்குப் போனதும் மகளிடம் கதை சொல்வேன். இன்றைக்கு வெறும் குச்சிதான். இன்றைக்கு நுனியில் எறும்பு உட்கார்ந்த மாதிரி ஒரு முளை. இன்றைக்குச் சிவப்பும் பச்சையுமாகச் சின்ன இலை, எண்ணெய் தடவின மாதிரி மினுக்குது. கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் வராது, அதனால் நிறத்தை மட்டும் வாயால் சொல்லிவிட வேண்டும். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள்.

ஒரு தப்பை மட்டும் நான் யோசிக்கவே இல்லை. கேமரா என் டிபன் பையில் இருந்தது. டிபன் பை என்னோடு மைன்ஸ் கேட்டுக்குள் போய் வந்துகொண்டிருந்தது. கேமராவை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று கேட்டில் போர்டே வைத்திருந்தார்கள். அந்த போர்டையும் மரத்தைப் போலவே நான் பார்த்ததில்லை.

பதினோராவது படம் எடுத்த அன்று கேட்டில் பையைத் திறக்கச் சொன்னார்கள். தூக்குச் சட்டிக்கு அடியில், துண்டில் சுற்றிய கேமரா. எனக்கோ பத்து நாள் தாடி. செக்யூரிட்டிக்காரர் என் முகத்தையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் பிடித்துத்தான் வைத்திருப்பேன்.

ஆபீசர் ராணுவத்தில் இருந்து வந்தவர். “ரோலைக் கழுவிப் பார்ப்போம். நாளன்னைக்கு வா. அதுவரைக்கும் உள்ளே போக வேண்டாம்” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

வெளியே எங்கள் மேஸ்திரி காத்திருந்தார். குறிஞ்சிப்பாடிக்காரர், என்மேல் பாசமானவர். “யோவ், மச்சினன் பையில வச்சிட்டான், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடு. மரத்தைப் படம் புடிச்சிகினு இருந்தேன்னு சொன்னா எவன்யா நம்புவான்? ஆர்டர் வர்ற நேரத்துல லிஸ்ட்டுல பேரை அடிச்சிடுவாங்க.”

வீட்டில் மச்சினனும் அதையேதான் சொன்னான். “என் பேர்லயே போட்டுடுங்க மாமா. எனக்கு மெமோவோட போயிடும். உங்களுக்கு ஆர்டரே போயிடும்.” என் மனைவி இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருவன் தம்பி, ஒருவன் புருஷன்.

உள்ளறையில் இருந்து பிள்ளை கேட்டாள்: “அப்பா, இன்னிக்கு இலை எவ்வளவு பெருசு?”

“உன் சுண்டுவிரல் அளவுக்கு” என்றேன். சொன்ன பிறகுதான், எனக்குத் தெரிந்த உண்மை இது ஒன்றுதான், இதையே ஆபீசரிடமும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

சொன்ன நாளில் போனேன். மேஜைமேல் பதினோரு படமும் கிடந்தன. எல்லாவற்றிலும் மரம். மரத்துக்குப் பின்னால் தூரத்தில், புகை விட்டுக்கொண்டு பவர் ஹவுஸ் சிம்னி. சத்தியமாக அந்தச் சிம்னி படத்தில் விழும் என்று நான் நினைக்கவே இல்லை.

“சிம்னியைக் காலையில ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை எதுக்கு எடுத்தே?”

“சிம்னி இல்லீங்க, மரம். ஷிப்ட் மாறிடுச்சுங்க.” அதோடு மகளுக்கு அம்மை போட்டதில் இருந்து, நான் ஏன் சவரம் செய்யவில்லை என்பது வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் படங்களைச் சீட்டுக் கட்டு போலக் கலைத்து என் முன்னால் போட்டார். “நீ சொல்றது நிஜம்னா, எந்த நாள் எந்தப் படம்னு வரிசையா வை.”

எட்டாவது வரை படித்தவன் நான். பரீட்சை என்றாலே பயம். அன்றைக்குப் பயமில்லாமல் எடுத்து அடுக்கினேன். குச்சி, முளை, எறும்பளவு, அரிசியளவு. காலை நிழல் சாய்ந்து விழும் படங்கள் முதல் வாரம், காலடியில் நிழல் கிடக்கும் படங்கள் அடுத்த வாரம். பதினொன்றையும் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அவர், எடுத்த வரிசை மாறாமல் இருக்கும் கழுவிய ரோலை ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து, ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். ஒன்றுகூட மாறவில்லை.

பிறகு அவர் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “நானும் இந்த வழியாத்தான் தினமும் ஜீப்ல போறேன்” என்றார்.

இனிமேல் கேமரா கொண்டுவர மாட்டேன் என்று என் கையெழுத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டார். லிஸ்ட்டில் என் பெயரை அடிக்கவில்லை. ரோலை வைத்துக்கொண்டு, படங்களை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். “பிள்ளைகிட்ட காட்டு. போய் ஷேவ் பண்ணு, அம்மை இறங்கினதும்” என்றார்.

அம்மை இறங்கி, வேப்பிலை போட்டு மூன்றாம் தண்ணீர் தலைக்கு ஊற்றிய மறுநாள் மகளை பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிப் போனேன். மைல் கல்லின் மேல் உட்கார்ந்து, படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எண்ணிவிட்டு, “பன்னிரண்டுன்னீங்களே, ஒண்ணு குறையுதே” என்றாள்.

“அதை எடுக்கிறதுக்குள்ள கேமராவை வாங்கிட்டாங்கம்மா.”

அவள் எழுந்து போய் மரத்தடியில் நின்றாள். கிளை முழுக்கப் பச்சை. அம்மைத் தழும்போடு அண்ணாந்து வெகுநேரம் பார்த்தாள். “பரவாயில்லப்பா. பன்னிரண்டாவதை நானே பார்த்துட்டேன்.”

பெர்மனன்ட் ஆர்டரும் பிறகு வந்தது. அதை ஒரு பைலில் போட்டுப் பெட்டியில் வைத்துவிட்டேன். ஆல்பத்தில் இருப்பது அந்தப் பதினோரு படமும் ஒரு காலி இடமும்தான். வீட்டுக்கு வருகிறவர்களிடம் நான் எடுத்துக் காட்டுவது அதைத்தான். வாழ்க்கையில் ஒரே ஒரு மரத்தை ஒழுங்காகப் பார்த்திருக்கிறேன், அதை என் பிள்ளைக்காகப் பார்த்தேன் என்று சொல்லும்போது, இந்த வயதிலும் என் நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது.