ராஜகிரி பாய்ஸ் ஏன் சிங்கப்பூர் போகவில்லை

மோட்டார் காயிலில் வார்னிஷ் ஊற்றிக் காயவைக்கும்போது ஒரு நெடி வருமே, மூக்கைத் துளைத்துக்கொண்டு போய் நெற்றிக்குள் உட்கார்ந்துகொள்ளும் நெடி, எனக்குப் பாட்டு என்றாலே அதுதான். ஏனென்றால் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் "காயில் கடை"யில் நைனா பகலெல்லாம் கிணற்று மோட்டார்களுக்குக் கம்பி சுற்றுவார், சாயங்காலம் அதே இடத்தை ஒதுக்கிவிட்டு எங்கள் ஊர்க் கோட்டை மலையின் பேர் வைத்த "ராஜகிரி பாய்ஸ்" குழுவின் ஒத்திகை நடக்கும். நைனா கிடார் வாசித்துப் பாடுவார், கூட மூன்று பேர். சினிமாப் பாட்டு கிடையாது, எல்லாம் சொந்தப் பாட்டு, அசல் ராக். கரண்ட் போவதைப் பற்றி அவர் தொண்டை கிழியப் பாடுகிற பாட்டைக் கேட்டால் கல்யாண வீட்டுக் கிழவர்கள்கூட நாற்காலியைத் தள்ளிவிட்டு ஆட வந்துவிடுவார்கள்.

நைனாவுக்கு ஒரே ஒரு ஆசைதான். "ஒரு தபா கடல் தாண்டிப் போயி பாடிட்டா போதும், அப்புறம் சாவற வரைக்கும் காயிலே சுத்துறேன்" என்பார். பாஸ்போர்ட் எடுத்து, அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தார்.

அந்த ஆசைக்கு வழிகாட்ட ஒருவர் வரவும் வந்தார். சிங்கப்பூரில் தமிழர் விழாக்களுக்கு ஆள் பிடித்துப் போகிறவர். பக்கத்து ஊரான அனந்தபுரம் திருவிழாவில் பொழுது சாயும் நேரத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, "ஒரு மணி நேரம்தான் இருப்பேன், ஃப்ளைட் இருக்கு, உங்ககிட்ட இருக்கிற எல்லா தினுசையும் காட்டுங்க" என்றார். நைனா தாலாட்டு, நடவு மெட்டு என்று விதவிதமாகத் தயார் செய்துவைத்திருந்தார். ஆரம்பத்துக்கு மட்டும் கரண்ட் பாட்டு. அது முடிந்ததோ இல்லையோ, செஞ்சியிலிருந்து வேன் பிடித்து வந்திருந்த எங்கள் ஆட்கள் "ஒன்ஸ் மோர்!" என்று விசிலடித்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒன்ஸ் மோர் கேட்டால் பாடியே தீரவேண்டும், பாடாதவனுக்குத் "தலக்கனம்" என்று பேர் வைத்துவிடுவார்கள். பாடினார். மறுபடியும் விசில். சிங்கப்பூர்க்காரருக்கு அண்ணனுடைய மவுசைக் காட்டவேண்டாமா என்று, ஜெராக்ஸ் கடை பாபு சித்தப்பா நாற்காலிமேல் ஏறித் துண்டைச் சுழற்றினார். "அடுத்தது பாடறம்பா, கேளுங்கப்பா" என்று நைனா கும்பிட்டார். யார் விட்டார்கள்? பாவி மனுஷர்கள், பாசத்திலேயே கழுத்தை அறுத்தார்கள். மேடைக்குப் பக்கத்தில் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள், நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அதற்குமேல் நாங்கள் என்ன செய்ய முடியும்? அதே பாட்டிலேயே ஒரு மணி நேரமும் போயிற்று. வந்தவர் மரியாதையாக எழுந்து மேடையோரம் போய், "நல்லா பாடறீங்க சார், ஆனா ஒரே பாட்ட வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

அப்புறம் வருஷக்கணக்காகக் கடையில் இதே பஞ்சாயத்துதான். "இங்கிலீஷ்ல பாடியிருந்தா அள்ளியிருக்கும் மச்சான்" என்பார் கண்டக்டர் தனசேகர் மாமா. "பேர்ல ஒரு எழுத்து கூட்டியிருக்கணும்ணே, நியூமராலஜி உதைக்குது" என்பார் பாபு சித்தப்பா. ஸ்பீக்கர், கிரகம், கண்ணேறு, எல்லாவற்றின் மீதும் பழி விழும். நைனா கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல் "இருக்கும்பா" என்பார். ஒருநாள் அம்மா பொறுக்கமாட்டாமல், "ஏன், அன்னிக்கி நீங்கல்லாம்..." என்று ஆரம்பித்தாள், நைனா கையைக் காட்டி அடக்கிவிட்டார். அவர்கள் போனபிறகு, "ஆசயா கேட்டாங்க. உங்களாலதான் கெட்டுதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல சொல்றியா? அப்புறம் நமக்குன்னு எவன் இருக்கான்?" என்றார்.

காயில் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. ட்ரம்ஸ் வாசித்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார், தனசேகர் மாமாவும் இல்லை. வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார். பாபு சித்தப்பாவே ஜெராக்ஸ் கடையை மூடிவிட்டுச் சிங்கப்பூரில் கட்டட வேலை செய்கிறார். நைனா செஞ்சியைத் தாண்டவில்லை. ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே நின்ற காது, இப்போது கத்திச் சொன்னால்தான் கேட்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை பாபு சித்தப்பா வீடியோ காலில் வந்தார். ரூமில் இருக்கிற பையன்களுக்கெல்லாம் நைனாவின் பாட்டைப் போட்டுக் காட்டினாராம், ஒருத்தனுக்கும் ராஜகிரி பாய்ஸ் தெரியவில்லையாம். கண் கலங்கிவிட்டது மனுஷருக்கு. "நம்ம பாய்ஸ் ஏண்ணே இங்க வந்து பாட முடியாமப் போச்சு?" என்றார். நைனாவுக்குக் கேட்கவில்லை, "இன்னாவாம்?" என்று என்னைப் பார்த்தார். சின்ன வயசிலிருந்து தொண்டையில் வைத்திருக்கிற பதிலை விழுங்கிவிட்டு, அந்தக் கேள்வியை அவர் காதில் நானே கத்தவேண்டியிருந்தது. "நம்ம பாய்ஸ் ஏன் சிங்கப்பூர் போகலன்னு கேக்கறாரு நைனா!"

நைனா என் கையிலிருந்து போனை வாங்கி வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார்.

"என் குரலு அந்த ஊருக்குப் பத்தலடா பாபு."

"அதாண்ணே," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் பாபு சித்தப்பா, "ரொம்ப நாளா நானும் அதான் நெனச்சிட்டு இருந்தேன்."

அவர் என்ன சொன்னார் என்று நைனா என்னிடம் கேட்டார்.