சார் பாடம் எடுத்த நாள்

கண்ணுகளா, அப்பா வாத்தியார் வேலை பார்த்தேன் என்று சொன்னால் நீங்க ரெண்டு பேரும் சிரிக்கிறீங்க. முழு வாத்தியார் இல்லைதான். பத்தாவது பாஸ் பண்ணினவன், ட்ரெய்னிங் கிடையாது. இன்னொருவர் இடத்தில் நின்று பாடம் சொன்னேன், அவ்வளவுதான்.

வாழவந்தியிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். மூணாம் வகுப்பு சாருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. ரிட்டையராக இன்னும் ஒரு வருஷம். ஊட்டில் கல்யாணமாகாத ரெண்டு பெண்கள். வேலைக்கு லாயக்கில்லை என்று எந்த அதிகாரியாவது எழுதிவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு வேறு போக்கிடம் இல்லை. அதனால் ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு அவருக்குத் துணையாக நிறுத்தினார். முடிந்த நாளில் சார் பஸ் ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நான் பக்கத்தில் நின்று பாடம் எடுப்பேன். பிள்ளைகளுக்கு அவர்தான் சார். நான் அண்ணன். முதலில் எனக்கு அது நொம்ப வருத்தம். அப்புறம் பழகிவிட்டது.

காப்பிப் பழம் பறிக்கிற சீசனில் எனக்கு எஸ்டேட் வேலையும் இருக்கும். நான் வராத நாளில் வகுப்பு நின்றுவிடக் கூடாது என்று ஒரு வழி செய்திருந்தேன். பலகையில் எழுதி வைத்துவிட்டுப் போவேன். சார் குச்சியால் தொட்டுக் காட்டுவார். ஒரு பிள்ளை எழுந்து படிக்கும், மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள்.

இன்ஸ்பெக்ஷன் அன்றைக்கு ஹெட்மாஸ்டர் என்னை வகுப்புக்குள் வர வேண்டாம் என்றார். சத்துணவு சமைக்கிற கொட்டகையில் உட்கார்ந்து பெரிசும் சிறிசுமாக வெங்காயம் அரிந்தேன். சமையல் ஆயாம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதுக்கும் ஒரு மாத்து ஆளு போடோணுமாட்ட இருக்குதுங்களே" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம், வகுப்பில்.

அதிகாரி சாரைப் பாடம் நடத்தச் சொன்னார். உள்ளே சத்தமே இல்லை. பலகையில் அன்றைக்கு ஒன்றும் எழுதி வைக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்து நின்றேன். ஆனால் நான் உள்ளே போனால் அவரை நானே காட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

கொஞ்ச நேரம் கழித்து சாக்பீஸ் உரசுகிற சத்தம், விட்டு விட்டு. இடது கையால் எழுதுகிறார். அப்புறம் குச்சி பலகையைத் தட்டியது. ஒரு பெண் பிள்ளை கணீரென்று படித்தது. வகுப்பே திருப்பிச் சொன்னது.

பிள்ளைகளையே பேச வைக்கிறீர்கள், நல்ல முறை என்று அதிகாரி பாராட்டினார். வெளியே வந்தவர் கொட்டகையை எட்டிப் பார்த்து, நான் யார் என்று கேட்டார். சமையல் ஒத்தாசைக்கு என்று சொன்னேன். அதற்குள் அந்தப் பெண் பிள்ளை ஓடி வந்துவிட்டது.

"அண்ணா, நான் படிச்சது கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சு கண்ணு. போய்த் தட்டை எடுத்துட்டு வா."

அதிகாரி சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மறுவருஷம் சார் முறையாக ரிட்டையர் ஆனார். ட்ரெய்னிங் முடித்த ஒருவர் வந்தார். நான் எஸ்டேட்டுக்கே திரும்பினேன். அந்த நாலு சுவருக்குள் என்னை யாரும் கடைசி வரைக்கும் சார் என்று கூப்பிட்டதில்லை.

இன்ஸ்பெக்ஷன் அன்று சாயங்காலம் பஸ் ஏறும்போது சார் என் தோளைப் பிடித்தார். ஏதோ சொல்ல வந்தார், வாய் குழறியது. "பரவாயில்லைங்க சார், பஸ் வந்துருச்சுங்க" என்றேன்.

எல்லோரும் போன பிறகு வகுப்புக்குள் போனேன். பலகையில் அவர் எழுத்து கோணல்மாணலாக ஏறி இறங்கிக் கிடந்தது. அதை அழிக்காமல், கீழே மிச்சமிருந்த இடத்தில் மறுநாள் பாடத்தை எழுதி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.