நவமணியின் முதல் பழம்

நவமணி எனக்கு இரண்டாயிரம் வெள்ளி கடன்பட்டிருந்தாள். பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது. பத்து ஃபெரிங்கி என்ற எங்கள் ஊரின் கடற்கரைச் சாலையில், என் விடுதிக்கு எதிரே ஒட்டுக்கடை போட வேண்டும் என்று கேட்டாள். கொடுத்தேன்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகன். ஓட்டல்களுக்குத் துணி துவைத்துப் போட்டுச் சேர்த்த காசில் கடலுக்கும் மலைக்கும் நடுவே ஆறு அறை கட்டியவன். எந்த வங்கியும் எனக்கு ஒரு காசு நீட்டவில்லை. அதனாலோ என்னவோ, ஒருவர் கையைப் பார்த்தாலே அது திருப்பிக் கொடுக்கிற கையா இல்லையா என்று சொல்லிவிடுவேன். இதுவரை தவறியதில்லை. நவமணி விஷயத்திலும் தவறவில்லை. ஆனால் நடுவில் குரங்குகள் புகுந்துவிட்டன.

என் விடுதிக்கு வருகிறவர்கள் கடலைப் பார்க்கத்தான் வருகிறார்கள். திரும்பும்போது மிருகங்களைப் பற்றிப் பேசிக்கொண்டு போகிறார்கள். சாக்கடையிலிருந்து ஏறி வந்த உடும்பை முதலை என்று நினைத்து ஒரு ஜெர்மன்காரர் கட்டில்மேல் ஏறி நின்றார். நான் துடைப்பத்தால் தரையைத் தட்டினேன். அது பாட்டுக்கு இறங்கிப் போனது. விடியற்காலையில் நீர்நாய்கள் குடும்பத்தோடு மணலில் ஓடும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட இலைக்குரங்குகள் என் ரம்புத்தான் மரத்துக்கு வரும். கூச்ச சுபாவம், கொழுந்தைத் தின்றுவிட்டுப் போய்விடும். நீளவால் குரங்குகள் அப்படி இல்லை. அது ரௌடிக் கூட்டம்.

நவமணி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலையில் இருந்தவள். ஆள் குறைப்பில் வேலை போனது. புருஷன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் மகள் பிரமிளா தன்னோடு வந்துவிடும்படி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

“மருமகன் வீட்டு வாசல்ல கொண்டுபோய் வைக்கிறதுக்கு நான் என்ன பார்சலா அண்ணே?” என்பாள் நவமணி.

அவளுக்கு அந்தக் கடைதான் எல்லாம். வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்துத் தருவாள். கார்கள் வரிசையில் நிற்கும்.

கடை திறக்கும்போது அவளுக்கு ஒரு வழக்கம். கடையை ஒட்டிய வாதுமை மரத்தடியில் ஆஞ்சநேயர் படம் வைத்திருந்தாள். மணியடித்து, சூடம் காட்டி, முதல் பழத்தை வேரில் வைப்பாள். ஒருநாள் கிழட்டுக் குரங்கு ஒன்று இறங்கி வந்து அதை எடுத்துக்கொண்டது.

“அண்ணே, அவரே வந்து வாங்கிட்டுப் போறாரு!” என்று கண் கலங்கினாள். பொய் சொல்வானேன், நானும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

கொஞ்ச நாளில் அவர் குடும்பத்தைக் கூட்டி வந்தார். பிறகு ஊரையே கூட்டி வந்தார். மணிச் சத்தம் கேட்டால் போதும், மலையிலிருந்து மின்கம்பி வழியாக மொத்தக் கூட்டமும் இறங்கிவிடும். வாங்குகிறவர் கையிலிருந்து பொட்டலத்தைப் பிடுங்கும். ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையின் கையைக் கீறிவிட்டது. நகராண்மைக் கழகத்திலிருந்து ஃபிக்ரி என்ற மலாய்க்காரப் பையன் வந்தான். இன்னொரு புகார் வந்தால் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று தயக்கத்தோடு சொன்னான். குரங்கின் கண்ணைப் பார்க்காதே, பல்லைக் காட்டாதே, ஓடாதே என்றும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனான்.

“பழம் வைக்கிறத நிறுத்து நவமணி” என்றேன்.

“சாமிக்கு வைக்கிறத நிறுத்தணுமா? ரொம்பப் படிச்சவரு சொல்லிட்டாரு!”

“படிக்கலதான். ஆனா வாடகை கொடுக்காத ஆள எப்படிக் கிளப்பணும்னு எனக்குத் தெரியும் லா. நான் சத்தமே போட மாட்டேன். காலையில பசியாறக் கொடுக்கிறத மட்டும் நிறுத்திடுவேன். தானா பெட்டியக் கட்டிடுவான்.”

சிரித்தாள். ஆனால் சம்மதிக்கவில்லை. கடையைச் சாத்திவிட்டு யோசித்துக்கொண்டே போனாள்.

மறுநாள் படமும் மணியும் கடையில் இல்லை. பூஜையை வீட்டிலேயே முடித்துவிட்டு வந்திருந்தாள். முதல் பழத்தைப் பொரித்து, முதலில் வந்த, வாடகைக்கார் ஓட்டும் தங்கராஜுவின் கையில் கொடுத்தாள், காசு வாங்கவில்லை.

“இனிமே யாரு மொதல்ல வராங்களோ அவங்கதான் அன்னிக்கு ஆஞ்சநேயர்.”

தங்கராஜு தன் தொந்தியைத் தடவிக்கொண்டான். “எனக்கு மலையத் தூக்குற வேலையெல்லாம் கொடுக்காதீங்க அக்கா. பழம் மட்டும் போதும்.”

குரங்குகள் விடுமா? மணி அடிக்காவிட்டாலும் நேரம் அவற்றுக்குத் தெரியும். வந்து பார்த்தன, வேரில் ஒன்றும் இல்லை. பெரிய கடுவன் ஒன்று கடை மேசைமேல் குதித்து உட்கார்ந்து பல்லைக் காட்டியது. வாங்க வந்தவர்கள் சாலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அவர்களில் யாராவது ஒருவருக்குக் கீறல் பட்டாலும் கடை போச்சு. நான் கம்போடு ஓடினேன். நவமணி கையைத் தாழ்த்தி, கீழே போடச் சொல்லிச் சைகை காட்டினாள். போட்டேன். என் வாழ்க்கையில் ஒரு பெண்பிள்ளை பேச்சுக்கு நான் கம்பைக் கீழே போட்டது அதுதான் முதல் தடவை.

எப்போதும் வாய் ஓயாதவள் உதட்டை இறுக்கிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி நின்றாள். அடுப்பை அதற்குள் அணைத்திருந்தாள். பழமெல்லாம் பூட்டுப் போட்ட டப்பாவில் இருந்தது. கடுவன் டப்பாவை உருட்டியது, கடித்தது, கூரைத் துணியைப் பிடித்து உலுக்கியது. கடைசியில் ஒரு வெறும் காகிதத்தை எடுத்து முகர்ந்து பார்த்து வீசிவிட்டுக் கம்பியில் ஏறிப் போனது.

இதே கூத்து பல நாள் நடந்தது. வியாபாரம் படுத்துவிட்டது. அந்த மாதம் அவள் எனக்குத் தர எடுத்து வைத்திருந்த காசும் அரிசிக்குப் போனது என்று தங்கராஜு சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. பிறகு குரங்குக் கூட்டம் குறைந்தது. மலைப்பக்கம் அத்தி பழுத்திருந்தது, அங்கேயே இருந்துவிட்டன. அந்தக் கிழட்டுக் குரங்கு மட்டும் எப்போதாவது வாதுமைக் கிளையில் வந்து உட்காரும். நவமணி அந்தப் பக்கம் திரும்ப மாட்டாள்.

“பாத்தா மனசு எளகிடும் அண்ணே.”

ஃபிக்ரி ஒருநாள் வந்தான். சுற்றிலும் பார்த்தான். பொட்டலம் வாங்கி, காசு கொடுத்து, தின்றுகொண்டே போய்விட்டான். இடம் நிலைத்தது, கார் வரிசையும் திரும்பியது.

போன வாரம், கடை திறக்குமுன் நவமணி பிஸ்கட் டின்னோடு என் விடுதிப் படியேறி வந்தாள்.

“இப்ப என்ன அவசரம்? மழைக்காலம் வருது, வெச்சுக்கோ” என்றேன்.

“ஏன், என் காசு செல்லாதா? கைய நீட்டுங்க.”

நீட்டினேன். பத்தும் ஐந்தும் ஒன்றுமாக, எண்ணெய் வாசத்தோடு, வாய்விட்டு எண்ணி எண்ணி என் உள்ளங்கையில் அடுக்கினாள். இரண்டாயிரம் என்று சொல்லிக் கடைசி வெள்ளியை மேலே வைத்து, விரலால் ஒரு அழுத்து அழுத்தினாள்.